யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நியூசிலாந்தின் சிறார் நீதிக் கூட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நியூசிலாந்துச் சட்டத்தில், படித்ததும் நிமிர்ந்து உட்கார வைக்கும் விதி ஒன்று இருக்கிறது. பதினைந்து வயதுப் பையன் ஒருவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு வருகிறது. 'நான் செய்யவில்லை' என்கிறான். விசாரணை முடியும்வரை காப்பகத்தில் இருக்கட்டும் என்று நீதிபதி உத்தரவிடுகிறார். நம்மூர்க் கணக்கில் அடுத்த வாய்தாவரை அவ்வளவுதான். அங்கே அப்படி விட்டுவிட முடியாது. குற்றத்தை அவன் மறுத்தாலும் சரி, அவனை உள்ளே வைத்திருக்கிறோம் என்ற ஒரே காரணத்துக்காகச் சில நாட்களுக்குள் ஒரு கூட்டம் கூட்டியாக வேண்டும். அம்மா, பாட்டி, மாமா, வக்கீல், போலீஸ்காரர் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, இவன் உள்ளேதான் இருக்க வேண்டுமா, வெளியே வைத்துப் பார்த்துக்கொள்ள வழி இல்லையா என்று பேச வேண்டும்.

இந்தக் கூட்டத்தைக் குடும்பக் கூட்டம் என்றே இங்கே எழுதுகிறேன். 1989-ல் சட்டமானது. தப்புச் செய்தவனைத் தண்டிப்பதைவிட, காயப்பட்டவருக்கு நேர்ந்ததைச் சரிசெய்யப் பார்க்கும் மறுசீரமைப்பு நீதி என்று இன்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அதை ஒரு நாடு தன் சிறார் நீதி முறை முழுவதற்கும் அடிப்படையாக வைத்ததற்கு முதலில் காட்டப்படும் உதாரணம் இதுதான். வேடிக்கை என்னவென்றால், 1989 சட்டத்தில் அந்தச் சொல்லே கிடையாது. ஆக்லாந்து நீதிபதி ஃப்ரெட் மெக்கெல்ரே போன்றவர்கள் 1990-களில்தான், 'நாம் செய்துகொண்டிருப்பதற்கு இப்படி ஒரு பெயர் இருக்கிறது போலிருக்கிறதே' என்று பெயரை எடுத்து ஒட்டினார்கள்.

முப்பத்தைந்து ஆண்டு அனுபவத்தை வைத்துப் பார்த்தால், இந்தக் கூட்டம் காப்பகத்தின் வாசலில் நன்றாக வேலை செய்திருக்கிறது. பிள்ளைகளை உள்ளே போகவிடாமல் தடுத்திருக்கிறது. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு அதே கூட்டம் சோர்ந்துபோகிறது. நல்ல மனசு இல்லாததால் அப்படி ஆகிறது என்று நான் நினைக்கவில்லை. அந்த அறையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

விடியலுக்கு முன்

1989-க்கு முந்தைய நியூசிலாந்தில் சிறுவர் இல்லங்கள் என்று இருந்தன. லோயர் ஹட்டில் எபுனி, ஆக்லாந்தில் ஓவைராக்கா, லெவினில் கோஹிதேரே. குற்றம் செய்த பையனும் அங்கேதான், பள்ளிக்கூடம் போகாமல் சுற்றிய பையனும் அங்கேதான், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பையனும் அங்கேதான். தனியறைப் பூட்டு, அடி, பெரிய பையன்களின் அதிகாரம். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிப் பிள்ளைகள். 1978-ல் ஆக்லாந்தைச் சேர்ந்த இனவெறி எதிர்ப்புக் குழு ஒன்று இந்த இல்லங்களில் நடப்பதைப் பொதுவெளியில் போட்டு உடைத்தது. பிறகு மனித உரிமை ஆணையமும் அதை விசாரித்தது. இன்று நியூசிலாந்தில் பெரிய கும்பல்களாக இருக்கும் மாங்ரல் மாப், பிளாக் பவர் இரண்டிலும் பழைய ஆட்கள் பலர் இந்த இல்லங்களில் ஒன்றாக வளர்ந்தவர்கள். அரசாங்கமே சோறு போட்டு வளர்த்த கும்பல்கள் என்று அங்கே கசப்பாகச் சொல்வார்கள்.

அந்தக் காலத்தின் முழுக் கணக்கு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. அரசு, தேவாலயப் பராமரிப்பில் (காப்பில்) நடந்த கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2024 ஜூலையில் இறுதி அறிக்கை கொடுத்தது. 1950-லிருந்து 2019 வரை காப்பில் இருந்தவர்கள் சுமார் 6,55,000 பேர். அவர்களில் 2,00,000 பேர் வரை ஏதோ ஒரு கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்பது அதன் மதிப்பீடு. 50 லட்சம் பேர் வாழும் நாட்டில் இது என்ன எண்ணிக்கை என்று யோசித்துப் பாருங்கள்.

1980-களின் நடுவில், சமூக நலத் துறையை மாவோரிகளின் கண்ணால் பார்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு குழுவை அமைத்தார்கள். தலைவர் ஜான் ரங்கிஹாவ், தூஹோய் இனக்குழுவின் பெரியவர். குழு ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து கேட்டது. 1988-ல் வெளிவந்த அதன் அறிக்கைக்கு மாவோரி மொழியில் 'விடியல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதன் சாரம், ஒரு பிள்ளை தனியாக நிற்கும் ஆள் இல்லை என்பது. அவனுக்கு ஒரு ஃபானாவ் இருக்கிறது. அப்பா அம்மாவோடு நிற்காமல் பெரியப்பா, சித்தி, தாத்தா, பாட்டி என்று நீளும் குடும்பம் அது. அதற்கு மேல் கிளை, அதற்கும் மேல் இனக்குழு. துறை செய்த வேலை, பிள்ளையை இந்த வலையிலிருந்து அறுத்தெடுத்துப் பூட்டி வைத்தது. இதைப் படிக்கும் தமிழருக்குப் பெரிய விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

அந்த அறிக்கையின் தாக்கத்தோடு வந்த சிறார், இளையோர், குடும்பங்கள் சட்டம் 1989 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் தலைமைச் சிறார் நீதிபதியாக மிக் பிரவுன் அமர்ந்தார், அவரும் மாவோரி. சட்டம் சொன்னது எளிமையானது: வேறு வழி இருக்கும்போது வழக்குப் போடாதே. குடும்பத்தைப் பலப்படுத்து. தண்டனை கொடுத்தே ஆக வேண்டுமென்றால், இருப்பதிலேயே குறைவாகக் கட்டிப்போடுவதைக் கொடு. பாதிக்கப்பட்டவரின் நலனைக் கணக்கில் எடு. மாட்டிக்கொள்ளும் சிறாரில் பெரும்பாலானவர்களை நீதிமன்றம் பக்கமே கொண்டுபோகாமல், காவல்துறையின் சிறார் பிரிவே எச்சரித்தோ, ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தோ அனுப்பிவிடுகிறது. மிஞ்சுகிறவர்களுக்குத்தான் குடும்பக் கூட்டம். அது நடக்காமல் நீதிமன்றம் எந்த இறுதி உத்தரவும் போட முடியாது. கொலையும், கொலைக்குச் சற்றுக் குறைவாகக் கருதப்படும் மரணம் விளைவித்தலும் இந்த வளையத்துக்கு வெளியே, உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும்.

ஒரு கூட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்

பல கூட்டங்களில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்து ஒரு மாதிரிக்குச் சொல்கிறேன். இது எந்த ஒரு தனி வழக்கும் இல்லை.

பையனுக்குப் பதினாறு வயது. இரண்டு கூட்டாளிகளோடு ராத்திரி ஒரு மாஸ்டா டெமியோவைத் திருடி, பின்பக்கமாக ஓட்டிக்கொண்டுபோய் ஒரு கடையின் கண்ணாடி முகப்பில் மோதி, சிகரெட் பெட்டிகளையும் மின்-சிகரெட்டுகளையும் அள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறான். டெமியோதான் ஏன் என்றால், அந்தக் கார் பல ஆண்டுகளாக அங்கே அதிகம் திருடுபோகும் கார்களில் ஒன்று. சிகரெட்தான் ஏன் என்றால், வரி மேல் வரி போட்டு அங்கே ஒரு பெட்டி சிகரெட் தங்கம் மாதிரி ஆகிவிட்டது. கடையை அங்கே 'டெய்ரி' என்பார்கள். பால் வாங்கப் போகிற இடம்தான், ஆனால் ரொட்டி, மிட்டாய், செய்தித்தாள், சிகரெட் எல்லாம் இருக்கும் தெருமுனைக் கடை. இந்த டெய்ரிகளில் நிறையவற்றை நடத்துகிறவர்கள் இந்தியாவிலிருந்து, முக்கியமாக குஜராத்திலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் போனவர்கள். கணவன் மனைவி மாறி மாறிக் கல்லாவில் உட்கார்ந்து காலையிலிருந்து ராத்திரிவரை திறந்து வைத்திருப்பார்கள்.

கூட்டத்தைக் கூட்டி நடத்தும் ஒருங்கிணைப்பாளர் அரசு ஊழியர். ஆனால் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. அவர் வேலை கூட்டத்துக்கு முந்தைய வாரங்களில்தான் முக்கால்வாசி நடக்கிறது. பையன் வீட்டுக்குப் போவார். அப்பா வழியில் யார், அம்மா வழியில் யார், இவன் யார் சொன்னால் கேட்பான் என்று விசாரிப்பார். கடைக்காரரைப் பார்த்து, வருகிறீர்களா, யாரைத் துணைக்குக் கூட்டி வருவீர்கள் என்று கேட்பார். எங்கே கூடுவது என்பதைக் குடும்பம் சொல்லலாம்: மாவோரிப் பொது மன்றமான மராய், ஊர்க் கூடம், அலுவலகம், வீடு எதுவும் சரி.

அன்றைக்குக் குடும்பம் விரும்பினால் ஒரு பிரார்த்தனையோடு தொடங்கும். எல்லாரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்கள். சிறார் பிரிவுக் காவலர் நடந்ததை எழுதி வைத்திருப்பதைப் படிப்பார். இத்தனை மணிக்கு, இந்தத் தெருவில், இந்தக் கார். ஒருங்கிணைப்பாளர் பையனைப் பார்த்து, 'இது சரியா?' என்று கேட்பார். தொடக்கத்தில் சொன்ன காப்பகக் கூட்டம் வேறு; இந்த வகையில், அவன் மறுத்தால் கூட்டம் அங்கேயே நின்று, விஷயம் நீதிமன்றத்துக்குத் திரும்பிவிடும். 'நான் கார் ஓட்டவில்லை, பின் சீட்டில் இருந்தேன்' என்று அவன் திருத்தலாம். எல்லாரும் ஒத்துக்கொண்டால் அதை அப்படியே மாற்றி எழுதுவார்கள். ஒரு வரிக்கு இத்தனை நேரமா என்று தோன்றும். ஆனால் அவனைப் பற்றி எழுதிய ஒரு காகிதத்தை அவனிடமே காட்டி, 'சரியா' என்று யாரோ கேட்பது அவன் வாழ்க்கையில் அதுவே முதல் தடவையாக இருக்கலாம்.

பிறகு கடைக்காரர் பேசுவார். இழப்பீட்டுக் கணக்கைத்தான் முதலில் எடுப்பார் என்று நாம் நினைப்போம். பெரும்பாலும் வேறு எதையோ சொல்வார்கள். அன்றைக்கு ராத்திரி சத்தம் கேட்டுச் சின்னப் பெண் அலறியது, அதற்குப் பிறகு அவள் தனியாகத் தூங்க மாட்டேன் என்பது, கடை வாசலில் கார் வேகமாகப் போனால் மனைவி கல்லாவை விட்டு எழுந்துவிடுவது. பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். பாட்டி அழுவார். பல கூட்டங்களில் பையனை உலுக்குவது கடைக்காரரின் கோபம்கூட இல்லை, பாட்டியின் அழுகைதான் என்று இந்த வேலையில் இருக்கிறவர்கள் சொல்வார்கள்.

தேநீர், சாப்பாடு. அப்புறம் வருவதுதான் இந்த முறையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. போலீஸ்காரர், வக்கீல், கடைக்காரர், ஒருங்கிணைப்பாளர் எல்லாரும் எழுந்து வெளியே போய்விடுவார்கள். அறையில் குடும்பம் மட்டும். தனியாகப் பேச அவர்களுக்குச் சட்டப்படியே உரிமை இருக்கிறது. அங்கே என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதான்: பழைய சண்டை கிளம்பும், 'நீ அவனைக் கண்டிச்சிருந்தா' என்று ஒருவர் ஆரம்பிப்பார், யாராவது ஒரு மாமா எழுந்து நின்று, 'சரி, இவன் என்னோட இருக்கட்டும், காலையில் என்னோட வேலைக்கு வரட்டும்' என்பார். அந்த ஒரு வாக்கியத்தை எந்த நன்னடத்தை அலுவலராலும் எழுதித் தர முடியாது.

வெளியே போனவர்கள் திரும்பி வந்து திட்டத்தைக் கேட்பார்கள். கையால் எழுதிய மன்னிப்புக் கடிதம், வாரம் இவ்வளவு டாலர் என்று இழப்பீடு, இத்தனை மணிநேரம் சமூக வேலை, ராத்திரி ஏழு மணிக்குமேல் வெளியே போகக் கூடாது, பள்ளியோ தொழிற்பயிற்சியோ, குடி, போதை இருந்தால் அதற்கு ஆலோசனை. போலீசும் கடைக்காரரும் உட்பட வந்திருக்கும் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். திட்டம் நீதிபதிக்குப் போகும். சொன்னதையெல்லாம் பையன் முடித்துவிட்டால், அந்த வழக்கே பதிவாகாதது போல அவனை விடுவிக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

'இது நம்மூர்ப் பஞ்சாயத்துதானே' என்று கேட்பவர்கள் உண்டு. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பஞ்சாயத்தில் நாட்டாமை இருக்கிறார். தீர்ப்பு மேலே இருந்து வருகிறது, சாதியும் சொத்தும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இங்கே நடுவில் இருப்பவருக்கு வாய்ப்பேச்சுதான் உண்டு, வாக்கு இல்லை. தப்புச் செய்தவனின் வீட்டார் தனியாக உட்கார்ந்து முதல் வரைவைப் போடுகிறார்கள். வெறுமனே வட்டமாக உட்கார்வதில் ஒன்றும் இல்லை. முதல் வரைவை யார் எழுதுகிறார் என்பதில் எல்லாம் இருக்கிறது.

கடைக்காரர் வரவில்லை

இவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் ஆண்டுகளில் நடந்த கூட்டங்களைக் கேப்ரியல் மேக்ஸ்வெல், அலிசன் மோரிஸ் இருவரும் ஆராய்ந்து 1993-ல் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் கலந்துகொண்டது ஏறக்குறையப் பாதிக் கூட்டங்களில்தான். முடிவில் திருப்தி என்றவர்கள் பையன்களில் 84 விழுக்காடு, பெற்றோரில் 85, பாதிக்கப்பட்டவர்களில் 49. கூட்டத்துக்கு வந்து, வராமலே இருந்திருக்கலாம் என்ற மனநிலையோடு திரும்பியவர்கள் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர்.

வராதவர்கள் ஏன் வரவில்லை? அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றுதானே நினைப்போம். அப்படிச் சொன்னவர்கள் 6 விழுக்காடு மட்டுமே. மற்றவர்களுக்குக் கடிதம் வரவில்லை, அல்லது கடைசி நேரத்தில் வந்தது, அல்லது சொன்ன நேரம் தோதுப்படவில்லை. தத்துவத்தில் ஓட்டை இல்லை, நாட்குறிப்பில் ஓட்டை. அலுவலக நேரத்தில் கூட்டம் வைத்தால், டெய்ரிக்காரர் கல்லாவை யாரிடம் விட்டுவிட்டு வருவார்?

அவர் வராவிட்டால் பிரதிநிதியை அனுப்பலாம், கடிதம் அனுப்பலாம். ஆனால் அவர் மகள் தூங்காத கதையைக் காகிதத்திலிருந்து வேறொருவர் படிக்கும்போது, பையன் தரையைப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்காது.

மதிலுக்கு உள்ளே

சிறார் நீதிக்கான பெரிய காப்பகங்கள் நான்கு. தெற்கு ஆக்லாந்தின் வீரியில் கொரோவாய் மனாக்கி, ரோட்டோருவாவில் தே மையோஹா ஓ பரேகரங்கி, பால்மர்ஸ்டன் நார்த்தில் தே அவ் ரேரே அ தே தோங்கா, கிறைஸ்ட்சர்ச் பக்கத்தில் ரோல்ஸ்டனில் தே புனா வை ஓ துஹினாபோ. நான்கையும் சேர்த்தால் இருநூறு படுக்கைகூட வராது. மாவோரிகள் மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கு போல. இந்த அறைகளில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

பெயர்களெல்லாம் மாவோரி மொழியில் இதமாக இருக்கின்றன. கொரோவாய் என்றால் மதிப்புக்குரியவர் தோளில் போர்த்தும் போர்வை. ஆனால் கதவு பூட்டிய கதவுதான்.

உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்கள் இல்லை, வழக்கு முடியக் காத்திருப்பவர்கள். இந்த ஒரு விஷயம் மறுசீரமைப்பின் அடிவயிற்றில் கை வைக்கிறது. வழக்கு நடக்கும்போது எதையாவது ஒப்புக்கொண்டால் மாட்டிக்கொள்வோமோ என்று பையன் பயப்படுவான். பேசாதே என்றுதான் நல்ல வக்கீலும் சொல்வார். எத்தனை நாள் இருப்போம் என்று அவனுக்கே தெரியாது. இந்த நிலையில், 'நீ யாருக்கு வலி கொடுத்தாய்' என்ற பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது?

தண்டனையாக உள்ளே வருவது இன்னொரு வகை. 2010 திருத்தத்துக்குப் பிறகு நீதிபதி மூன்று முதல் ஆறு மாதம் வரை காப்பகத்தில் வைக்கலாம். ஒழுங்காக இருந்து திட்டத்தில் உள்ளதைச் செய்தால் மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் வெளியே வரலாம்; அதற்குப் பிறகும் சில மாதம் கண்காணிப்பு உண்டு. இந்தச் சலுகை நியாயமானதுதான். ஆனால் உள்ளே இருந்துகொண்டு ஒருவன் எழுதும் மன்னிப்புக் கடிதத்தை இது சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுகிறது. இவன் வருந்தி எழுதினானா, வீட்டுக்குப் போக எழுதினானா? கடிதம் பெறுகிறவர் இதைக் கேட்பார். பையனுக்கே விடை தெரியாமல் இருக்கலாம். இரண்டும் கலந்தே இருக்கும் என்பது என் எண்ணம்; பதினாறு வயதில் யாருடைய மன்னிப்பும் சுத்தத் தங்கமாக வருவதில்லை.

தூரம் என்பது இன்னொரு சங்கடம். ஆக்லாந்தில் இடம் இல்லை என்றால் பையனைத் தெற்குத் தீவில் ரோல்ஸ்டனுக்கு அனுப்பலாம். நடுவில் கடல். குடும்பக் கூட்டம் அங்கே நடந்தால் பாட்டி எப்படிப் போவார்? ஒரு சித்தி வருவார், அல்லது திரையில் முகம் தெரியும். மறுபக்கம் காப்பக ஊழியர், சமூகப் பணியாளர், ஆசிரியர், மருத்துவச் செவிலி என்று சம்பளம் வாங்குகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குடும்பம் தனியாகப் பேச எல்லாரும் வெளியேறும் அந்த நேரத்தில் அறையில் மிஞ்சுவது பையன், சித்தி, ஒரு மடிக்கணினி. இருப்பது இரண்டு பேர் என்றால் 'என்னோட இருக்கட்டும்' என்று சொல்ல மாமா எங்கே? திட்டம் ஏற்கெனவே தட்டச்சுச் செய்யப்பட்டுத் தயாராக இருக்கும். சித்தி தலையாட்டுவார்.

உள்ளேயே நடக்கும் தப்புகளும் இருக்கின்றன. பையன்கள் அடித்துக்கொள்வார்கள், ஊழியரை அடிப்பார்கள், சாமான்களை உடைப்பார்கள். அடித்தவனையும் அடிபட்டவனையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேசலாம். அல்லது தனிப் பிரிவில் பூட்டலாம். ஆள் பற்றாக்குறை இருக்கும் இரவில் எது நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பேச வைக்கிறவருக்குப் பையனோடு பழக்கம் வேண்டும், அதற்கு ஊழியர் நிலையாக இருக்க வேண்டும். 2023-ல் பையன்கள் காப்பகக் கூரைமேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்த சம்பவங்கள் நடந்தன. ஒரு தடவை கோழி வறுவல் வாங்கிக் கொடுத்து இறக்கினார்கள் என்று நாடே சிரித்தது, சிலர் கொதித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் சில ஊழியர்கள் மீதே கடுமையான குற்றச்சாட்டுகள் எழ, முன்னாள் காவல்துறைத் தலைவர் மைக் புஷ்ஷைக் கொண்டுவந்து காப்பகங்களின் பொறுப்பைக் கொடுத்தது அரசு.

மறுசீரமைப்பு நீதி கேட்கும் கேள்விகள் மூன்று: யாருக்குக் காயம், அவர்களுக்கு என்ன தேவை, அதைச் செய்ய வேண்டியது யார். காப்பகத்தில் காயப்படுத்தியது நிர்வாகமே என்றால் இந்தக் கேள்விகளை யார் யாரிடம் கேட்பது? பையன் உட்காரும் நாற்காலியில் அரசு உட்கார்ந்தாக வேண்டும். 2024 நவம்பர் 12 அன்று பிரதமர் கிறிஸ்டோபர் லக்ஸன் நாடாளுமன்றத்தில், காப்பில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். பாதிக்கப்பட்டவர்கள் வந்து கேட்டார்கள். சிலர் அழுதார்கள், சிலர் கூச்சலிட்டார்கள். இழப்பீடு எவ்வளவு, எப்போது என்பது அன்றைக்குச் சொல்லப்படவில்லை. குடும்பக் கூட்டத்தில் ஒரு பையன் இப்படித் திட்டம் இல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டால், சிறார் பிரிவுக் காவலர் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

மராயில் ஒரு நீதிமன்றம்

சோர்ந்துபோன கூட்டத்துக்கு உயிர் கொடுக்கப் பார்த்த முயற்சிகளில் ஒன்று ரங்கத்தாஹி நீதிமன்றம். ரங்கத்தாஹி என்றால் இளையோர். 2008-ல் நீதிபதி ஹேமி தௌமௌனு, கிஸ்போர்ன் ஊரில் தே போஹோ-ஓ-ராவிரி மராயில் முதலாவதைத் தொடங்கினார். இதற்குத் தனிச் சட்டம் கிடையாது. அதே சிறார் நீதிமன்றம், அதே அதிகாரம். குடும்பக் கூட்டத்தில் போட்ட திட்டம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்கும் அமர்வு மட்டும் மராய்க்கு மாறுகிறது.

மரக் கூண்டும் உயர மேடையும் இங்கே இல்லை. முதலில் வரவேற்புச் சடங்கு. வந்தவர்கள் ஒவ்வொருவரோடும் மூக்கோடு மூக்கு ஒற்றி மூச்சைப் பகிர்வார்கள். அந்த வரிசையில் நீதிபதியும் நிற்கிறார், பையனும் நிற்கிறான். நீதிபதிக்குப் பக்கத்தில் ஊர்ப் பெரியவர்கள் உட்காருவார்கள். பையன் எழுந்து தன் மலை எது, ஆறு எது, மூதாதையர் வந்த படகு எது, எந்த இனக்குழு என்று மாவோரி மொழியில் சொல்ல வேண்டும். முதல் தடவை திக்குவான். பலருக்கு அந்த மொழியே தெரியாது, வாரக்கணக்கில் மனப்பாடம் செய்திருப்பான். 'யார் வீட்டுப் பிள்ளை நீ?' என்ற கேள்விக்கு அவன் சொல்லும் பதில் அது. கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவர், 'உன் தாத்தாவை எனக்குத் தெரியும்' என்பார். அப்புறம்தான் திட்டத்தின் கணக்கு: கடிதம் கொடுத்தாயா, சமூக வேலை எத்தனை மணிநேரம் முடிந்தது, பள்ளிக்கு ஏன் போன வாரம் போகவில்லை. கேள்விகள் மென்மையானவை என்று நினைக்க வேண்டாம். பாட்டிமார் முன்னால் அதற்குப் பதில் சொல்வது நீதிமன்றத்தில் சொல்வதைவிடக் கஷ்டம்.

இதையும் விமர்சிப்பவர்கள் இருக்கிறார்கள். மாவோரி குற்றவியலாளர் ஹுவான் டவுரி நீண்ட காலமாகச் சொல்லிவருவது இதுதான்: குடும்பக் கூட்டத்தை மாவோரி நீதி என்று விற்கிறீர்கள், அதிகாரம் அரசிடமே இருக்கிறது, பிரார்த்தனையும் பெயரும் மட்டும் எங்களுடையவை, இதை வேறு நாடுகளின் பூர்வகுடிகள் தலையில் ஏற்றுமதியும் செய்துவிட்டீர்கள். ஏற்றுமதி நடந்தது உண்மைதான். 1991-லேயே ஆஸ்திரேலியாவின் வாகா வாகாவில் போலீஸ் சார்ஜென்ட் டெர்ரி ஓ'கானல் இதை எடுத்துப்போய், காவலரே கூட்டத்தை நடத்தும் முறையாக மாற்றினார். அங்கிருந்து பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. குடும்பம் தனியாகப் பேசும் நேரம்தான் அந்தப் பயணத்தில் முதலில் உதிர்ந்தது. டவுரி சொல்வதில் பெரும்பகுதி எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனாலும் மராயில் திக்கித் திக்கித் தன் மலையின் பெயரைச் சொல்லும் பையனைப் பார்த்து இது வெறும் அலங்காரம் என்று சொல்ல மனம் வரவில்லை.

மறுபடியும் பூட்டு

2009/10-க்கும் 2019/20-க்கும் இடையில் நியூசிலாந்தில் சிறார் குற்ற விகிதம் 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. எல்லாம் குடும்பக் கூட்டத்தால்தான் என்று யாரும் மார்தட்ட முடியாது. பல நாடுகளில் அந்தக் காலத்தில் குறைந்தது. ஆனால் பிள்ளைகளைப் பூட்டாமல் விட்டால் ஊர் கெட்டுப்போகும் என்ற பயத்துக்கு அது பதில்தான். 2019 ஜூலையில் பதினேழு வயதுக்காரர்களில் பெரும்பாலோரையும் சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

2022-ல் கார் மோதிக் கடை உடைக்கும் சம்பவங்கள் திடீரென்று எகிறின. காணொளிகள் கைபேசி கைபேசியாகப் பரவின. டெய்ரிக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள், அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. 2023 தேர்தலில் சிறார் குற்றம் பெரிய பேச்சானது. புதிய அரசு 2024 ஜூலையில் பால்மர்ஸ்டன் நார்த் காப்பகத்தில் பத்துப் பையன்களோடு ராணுவப் பாணிப் பயிற்சியை ஆரம்பித்தது: மூன்று மாதம் உள்ளே, ஒன்பது மாதம் வெளியே. பிரதமரின் தலைமை அறிவியல் ஆலோசகராக இருந்த பீட்டர் க்ளக்மேன் 2018-லேயே, இத்தகைய முகாம்கள் பலன் தருவதில்லை என்று எழுதியிருந்தார். வெளியே வந்த கட்டத்தில் ஒரு பையன் சாலை விபத்தில் இறந்தான். அணிவகுப்பும் அதிகாலை எழுப்பலும் செய்தியில் நிறைய வந்தன. அந்தப் பையன்களால் பாதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேரோடு அவர்கள் ஒரு அறையில் உட்கார்ந்தார்கள் என்பதை யாரும் கேட்கக் காணோம்.

1989 சட்டத்தின் 250-ஆம் பிரிவு, கூட்டத்தின் நாள், நேரம், இடம் மூன்றையும் முடிவு செய்யும் முன் ஒருங்கிணைப்பாளர் குடும்பத்தைக் கேட்க வேண்டும், பாதிக்கப்பட்டவரையும் கேட்க முயல வேண்டும் என்கிறது. புதிதாக யாரும் எதையும் சட்டமாக்க வேண்டியதில்லை. அந்தப் பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் காலை பத்து மணி என்று போட்டிருக்கிறது. டெய்ரி மூடுவது ராத்திரி எட்டரைக்கு.